மலைமண்ணும் அமில மழையும்

மங்கல நிகழ்ச்சிகளில் ஆரத்தி எடுக்கும் வழக்கம் தமிழகத்திலும் உண்டு, கருநாடகத்திலும் உண்டு. மஞ்சள் கரைத்த நீரில் சிறிதளவு சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது செந்நிறம் பெறுகிறது. அந்நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் செந்நிறம் மறைந்து மஞ்சள் நிறம் மீண்டும் தோன்றுகிறது. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது; எலுமிச்சைச்சாறு அமிலத்தன்மை உடையது. இரண்டும் கலக்கும்போது ஒன்றன் தன்மையை மற்றொன்று தணித்துவிடுகிறது. இதனை நடுநிலையாக்கல் என்பர்.

மலைக்காடுகளில் மழைக்கும் மண்ணுக்கும் இடையே இவ்வினையே இடையறாது நிகழ்கிறது. அங்கே எலுமிச்சையின் இடத்தில் மழைநீர் நிற்கிறது. சுண்ணாம்பின் இடத்தில் மண்ணிலுள்ள கால்சியம் முதலிய சத்துகள் நிற்கின்றன. வீட்டில் சுண்ணாம்பு தீர்ந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மலையில் அது தீர்ந்துபோனால் மண்ணும் ஓடையும் மரமும் என்னவாகும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மைசூருவின் நீர்

மைசூரு நகரில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி நீரும் கபினி நீரும் ஆகும். காவிரி, நகருக்கு மேற்கே குடகு நாட்டின் பிரம்மகிரி மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,276 மீட்டர் உயரத்தில் உள்ள தலைக்காவிரியில் தோன்றுகிறது. பாகமண்டலத்தில் கன்னிகை ஆற்றுடன் கூடி, குசால்நகர் வழியாகச் சமவெளிக்கு இறங்கி, 1911-ஆம் ஆண்டில் பணி தொடங்கப்பெற்ற கிருஷ்ணராஜ சாகர் அணையை அடைகிறது. கபினியோ கேரளத்தின் வயநாட்டு மலைகளிலிருந்து வருகிறது.

மைசூருவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாகமண்டலத்தைச் சூழ்ந்த மலைகளிலோ 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்வது உண்டு. ஆகவே மைசூரு மக்கள் பருகும் நீர், பெரும்பாலும் மைசூருவில் பெய்த மழையன்று. மேற்கு மலைகளில் பெய்து, அங்குள்ள காட்டுமண்ணின் ஊடே வடிந்து, ஓடைகளாகத் திரண்டு வந்த மழையே அது. காவிரியின் நீரை நம்பி வாழும் தமிழக உழவருக்கும் இது பொருந்தும். ஆற்றைக் காக்க எண்ணுவோர் ஆற்றின் கரையை மட்டும் பார்த்தால் போதாது; அதன் தாய்மடியாகிய மலைமண்ணையும் பார்த்தல் வேண்டும்.

மழை எப்போது அமில மழையாகிறது?

ஒரு நீர்மம் அமிலமா காரமா என்பதைப் பி.எச். என்னும் அளவுகோலால் குறிப்பர். இவ்வளவுகோலில் ஏழு என்பது நடுநிலை. ஏழுக்குக் கீழே செல்லச்செல்ல அமிலத்தன்மை மிகும். மேலே செல்லச்செல்லக் காரத்தன்மை மிகும். இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு பெருகுகிறது. பி.எச். 4.6 உடைய மழை, 5.6 உடைய மழையைவிடச் சற்றே புளிப்பானது அன்று. பத்து மடங்கு அமிலமானது.

மாசற்ற மழைநீரும் முற்றிலும் நடுநிலையானது அன்று. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதால் அதன் பி.எச். ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். இவ்வளவைவிடக் குறையும்போதுதான் பொதுவாக அமில மழை என்று குறிப்பிடுவர். நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் எரிக்கும்போது கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிப்படுகின்றன. இவை வானில் ஈரத்துடனும் உயிர்வளியுடனும் வினைபுரிந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பணியாற்றிய இராபர்ட் ஆங்கஸ் சுமித் என்னும் வேதியியலறிஞர், ஆலைகளின் புகைக்கும் மழையின் அமிலத்தன்மைக்கும் உள்ள தொடர்பை 1852-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ‘அமில மழை’ என்னும் தொடரை 1872-இல் தம் நூலில் அவரே கையாண்டார். எனினும் ஏறத்தாழ நூறாண்டுக்காலம் உலகம் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. நகரத்துப் புகையைக் குறைப்பதற்கு மாறாக, அதனை உயரமான புகைபோக்கிகள் வழியே மேலே அனுப்பும் வழியை ஆலைகள் மேற்கொண்டன. நகரம் தெளிந்தது, புகை தொலைதூரம் பயணம் செய்தது. பிரித்தானியாவிலும் நடு ஐரோப்பாவிலும் எழுந்த கந்தகம் நார்வே, சுவீடன் நாடுகளின் மலைகளில் மழையாக இறங்கியது. 1967-இல் சுவீடனின் மண்ணியல் அறிஞர் சுவாந்தே ஓடேன் இவ்வுண்மையை ஒரு நாளிதழில் எழுதிய பின்னரே பொதுமக்கள் விழித்துக்கொண்டனர்.

‘அமில மழை’ என்னும் பெயர் கேட்போரைச் சற்றுத் தவறான எண்ணத்திற்கும் இட்டுச்செல்கிறது. அம்மழையில் நனைந்தால் தோல் வெந்துவிடாது. அதன் நிறமும் மணமும் ஏனைய மழையைப் போன்றவையே. மேலும், அமிலம் மழையாக மட்டும் வருவதில்லை. மலையுச்சிகளைத் தழுவிச்செல்லும் முகிலும் மூடுபனியும் மழையைவிட மிகுந்த அமிலத்தைச் சுமந்து வருவது உண்டு. மழையில்லா நாள்களில் நுண்துகளாகவும் வாயுவாகவும் அது இலைகளின் மேல் படிகிறது. சமவெளியைவிட மலைக்காடு மிகுதியாகத் தாக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் மலையின் மண்ணிலேயே உள்ளது.

மண்ணின் குதிர்

மண்ணை உயிரற்ற தூள் என்று எண்ணுவது பிழை. அதில் உள்ள களித்துகள்களும் மட்கும் எதிர்மின்சுமை உடையவை. ஆகவே நேர்மின்சுமை கொண்ட கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அயனிகளை அவை தம்மேல் பற்றிவைத்துக்கொள்கின்றன. மரத்தின் வேர்கள் தேவையானபோது தேவையான அளவு இவற்றை எடுத்துக்கொள்கின்றன. உழவர் வீட்டுக் குதிரில் நெல் இருப்பதுபோல, மண்ணில் இச்சத்துகள் சேமிக்கப்பட்டுள்ளன எனலாம்.

இக்குதிர் எப்படி நிரம்புகிறது? பாறை சிதைந்து மண்ணாகும்போது அதிலுள்ள சத்துகள் மெல்லமெல்ல விடுபடுகின்றன. உதிர்ந்த இலைகள் மட்கும்போது, மரம் எடுத்தது மண்ணுக்கே திரும்புகிறது. காற்றில் வரும் தூசியும் சிறிது கொணர்கிறது. இவற்றுள் முதல் வழி மிக மெதுவானது; சுண்ணாம்புப்பாறை உள்ள இடங்களில் சற்று விரைவாக நிகழும்; கருங்கல் நிறைந்த மலைகளில் பல நூற்றாண்டுகள் பிடிக்கும்.

அமில மழை பெய்யும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள், களித்துகள்களின் மேல் அமர்ந்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தள்ளிவிட்டு அவ்விடத்தைத் தாம் பற்றிக்கொள்கின்றன. இடம் இழந்த சத்துகள், மழையுடன் வந்த சல்பேட்டோடு சேர்ந்து நீரில் கரைந்து ஓடைக்குச் சென்றுவிடுகின்றன. இந்நிலையில் ஓடைநீரைச் சோதித்துப் பார்த்தால் குறையேதும் தெரியாது. மண் தன் சேமிப்பைக் கொடுத்து அமிலத்தைத் தணித்துவிட்டது அன்றோ? பஞ்சக்காலத்தில் குதிரிலிருந்து எடுத்து உண்ணும் குடும்பம் வெளிப்பார்வைக்கு வளமாகவே தோன்றும். விதைநெல்லும் தீர்ந்த பின்னரே உண்மை வெளிப்படும். மலைக்காட்டின் நிலையும் அத்தகையதே.

கால்சியம் குறைந்து மண்ணின் பி.எச். ஐந்தை நெருங்கும்போது மற்றொரு தீங்கு தொடங்குகிறது. அலுமினியம் மண்ணில் மிகுதியாகக் காணப்படும் தனிமம். இயல்பான நிலையில் அது கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடப்பதால் எவருக்கும் கேடு விளைவிப்பதில்லை. அமிலம் மிகுந்தால் அது கரைந்து வெளிப்படுகிறது. கரைந்த அலுமினியம் வேரின் நுனிகளைச் சிதைத்து, அவை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. ஆக, சத்து குறைந்த காலத்தில், இருக்கும் சத்தையும் மரத்தால் எடுக்க இயலாமற்போகிறது.

ஓடையில் நிகழ்வது

மண் தணிக்கத் தவறிய அமிலமும் மண்ணிலிருந்து விடுபட்ட அலுமினியமும் அடுத்துச் சேருமிடம் ஓடை. நீரின் பி.எச். ஆறுக்குக் கீழே இறங்கும்போதே நத்தைகளும் சிப்பிகளும் குறையத் தொடங்குகின்றன. ஓடு செய்வதற்கு வேண்டிய கால்சியம் அவற்றுக்குக் கிட்டுவதில்லை. நன்னீரில் வாழும் சில ஈக்களின் இளம்புழுக்கள் அடுத்து மறைகின்றன. ஐந்தை நெருங்கும்போது மீன்கள் துன்புறுகின்றன. அலுமினியம் மீனின் செவுள்களில் படிந்து, அங்கே கோழையைப் பெருக்கி, மூச்சுவிட இயலாமல் செய்கிறது. உடலுக்கு வேண்டிய உப்பும் செவுள் வழியே வெளியேறிவிடுகிறது. முதிர்ந்த மீன்கள் ஒருவாறு தாங்கிக்கொண்டாலும் முட்டைகளும் குஞ்சுகளும் தாங்குவதில்லை. எனவே பல ஏரிகளில் மீன்கள் ஒரே நாளில் செத்து மிதக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு குஞ்சுகள் இல்லாமற்போய், எஞ்சியிருந்த கிழமீன்களும் மடிந்தபின் ஏரி வெறுமையானது. அமிலமடைந்த ஏரியின் நீர் பெரும்பாலும் மிகத் தெளிவாக இருக்கும் என்பது வியப்புக்குரியது. தெளிவைத் தூய்மை என்று எண்ணிய பலர் அதனைக் கண்டு மகிழ்ந்ததும் உண்டு.

சில வேளைகளில் கேடு திடீரென்றும் நிகழும். 1975-ஆம் ஆண்டின் இளவேனிலில் நார்வேயின் தோவ்தால் ஆற்றில் திரௌட்டு மீன்கள் பெருந்திரளாக மடிந்தன. குளிர்காலம் முழுவதும் பனியில் உறைந்திருந்த அமிலம், பனி உருகியபோது ஒரே வீச்சில் ஆற்றில் கலந்ததே காரணம். பனி பெய்யாத மலைகளிலும் இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டு. பெருமழை பெய்யும்போது நீர் நிலத்தினுள் ஆழமாக இறங்கிப் பாறையைத் தொட்டு வருவதற்கு நேரமில்லை. மேல்மண்ணின் வழியாகவே விரைந்து ஓடைக்கு வந்துவிடுவதால், வெள்ளக்காலத்து ஓடைநீர் கோடைக்காலத்து ஓடைநீரைவிட அமிலமாக இருக்கும்.

மரமும் நத்தையும் பறவையும்

அமெரிக்காவின் நியூஹாம்சயர் மாநிலத்தில் அப்பர்டு புரூக் என்னும் ஆய்வுக்காடு உள்ளது. 1963-ஆம் ஆண்டு முதல் ஜீன் லைக்கன்சும் அவருடைய தோழர்களும் அங்குப் பெய்யும் மழையையும் அங்கிருந்து வெளியேறும் ஓடைநீரையும் இடைவிடாது அளந்துவந்தனர். வருவது என்ன, போவது என்ன என்று கணக்கெழுதுவது போன்ற எளிய முறைதான் அது. மழையின் பி.எச். நான்கை ஒட்டி இருப்பதை அவர்கள் கண்டனர். பல்லாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, மண்ணிலிருந்த கால்சியம் பெருமளவு வெளியேறிவிட்டது தெரியவந்தது. அருகிலுள்ள மலைகளில் செந்தளிர்க்கூம்பு மரங்கள் குளிர்காலத்தில் கருகின. இலைகளின் உயிரணுப் படலத்தில் இருக்கவேண்டிய கால்சியத்தை அமிலப்பனி கரைத்துச் சென்றதால் அவை குளிரைத் தாங்கும் ஆற்றலை இழந்திருந்தன. மரத்தைக் கொன்றது குளிர். ஆனால் அதனைக் குளிருக்குக் காட்டிக்கொடுத்தது அமிலம்.

1990-இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திக் கந்தக வெளியீட்டைக் கட்டுப்படுத்தியது. மழை நல்ல மழையாக மாறியது; ஆனால் மண் உடனே மாறவில்லை. எனவே 1999-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆய்வாளர்கள் அக்காட்டின் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில், ஏறத்தாழ 12 எக்டர் பரப்பில், ‘வொலாசுடனைட்டு’ என்னும் கால்சியம் சிலிக்கேட்டு உருண்டைகளை உலங்கூர்தியிலிருந்து தூவினர். பின்வந்த ஆண்டுகளில் அங்குள்ள சர்க்கரை மேப்பிள் மரங்களின் தலைப்பகுதி செழித்தது. கன்றுகளும் மிகுதியாக முளைத்தன. குறைந்தது கால்சியமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் பன்னிரண்டு எக்டருக்கு உலங்கூர்தி அனுப்பலாம். மலைத்தொடர் முழுவதற்கும் அனுப்ப இயலுமா?

நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்த மற்றொரு செய்தி இதனினும் நுட்பமானது. அங்குள்ள மணற்பாங்கான காடுகளில் பட்டாணிக்குருவி இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகள், 1980-களில் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. சில முட்டைகள் ஓடே இல்லாமலும் இருந்தன. பறவைகளுக்கு உணவுப் பஞ்சம் இல்லை, நஞ்சும் இல்லை. 1994-இல் வெளியான ஆய்வு காரணத்தைக் கூறியது. அமில மழையால் மண்ணில் கால்சியம் குறைந்தது. அதனால் நத்தைகள் அருகின. முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தை நத்தை ஓடுகளிலிருந்தே பெற்றுவந்த பறவைகள் வழியற்றுப்போயின. ஆய்வாளர்கள் நத்தை ஓடுகளையும் கோழிமுட்டை ஓடுகளையும் காட்டில் வைத்தபோது, முட்டைகள் மீண்டும் இயல்பு நிலையை அடைந்தன. ஆலையின் புகைபோக்கிக்கும் குருவியின் கூட்டுக்கும் இடையே இத்தனை கண்ணிகள் இருக்கும் என்று யார் எண்ணியிருப்பர்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் நில நத்தைகளுள் பெரும்பகுதி வேறெங்கும் காணப்படாதவை என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

காற்றின் தூய்மையை மண்ணுக்கும் முன்னரே அறிவிக்கும் உயிர் ஒன்றும் அம்மலைகளில் உண்டு. பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் சாம்பல் நிறப் பூப்போலப் படர்ந்திருக்கும் கல்பாசி அது. செட்டிநாட்டுச் சமையலில் மணத்திற்காக இடப்படும் அப்பொருளைக் கன்னடத்தில் ‘கல்லு ஹூவு’, அதாவது கல்பூ என்பர். பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் இவ்வகை உயிரிகளை லைக்கன்கள் என்று அறிவியலார் அழைப்பர். இவற்றுக்கு வேர் இல்லை. வேண்டியதை எல்லாம் மழையிலிருந்தும் காற்றிலிருந்துமே பெறுகின்றன. அதனால் கந்தகப்புகை பட்டவுடன் பல இனங்கள் மடிந்துவிடுகின்றன. பாரிசு நகரப் பூங்காவிலிருந்து இவை மறைந்துவருவதை வில்லியம் நைலாந்தர் என்பவர் 1866-ஆம் ஆண்டிலேயே குறித்துவைத்தார்.

காவிரி பிறக்கும் மலை

இனி, நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் பல பகுதிகளில் மழை நெடுங்காலம் அமிலமாகாமல் இருந்ததற்கு ஒரு விந்தையான காரணம் உண்டு. அது தூசி. வட இந்தியச் சமவெளியின் மண்ணிலும் தார்ப் பாலைவனத்து மணலிலும் கால்சியம் கார்பனேட்டு மிகுதி. காற்றில் எழும் அத்தூசி, முகிலிலேயே அமிலத்தைத் தணித்துவிடுகிறது. இல்லத்தரசி தினந்தோறும் துடைத்துச் சலிக்கும் தூசி, வானத்தில் சுண்ணாம்பின் பணியைச் செய்கிறது!

குடகு மலைகளுக்கு இப்பாதுகாப்பு குறைவு. சூன் முதல் செப்டம்பர் வரை அங்கு மழையைக் கொணரும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வருவது. கடற்காற்றில் ஆலைப்புகை குறைவு என்பது நல்வாய்ப்பே. ஆயின் தணிக்கும் தூசியும் அதில் குறைவு. நிலத்திலோ நிலைமை இன்னும் நுட்பமானது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்துவரும் பெருமழை, மலைமண்ணின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இயற்கையாகவே பெருமளவு கரைத்துச் சென்றுவிட்டது. எஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண்ணும் செம்புரைமண்ணும் ஆகும். அடியில் இருப்பதும் எளிதில் சிதையாத பாறையே. அமில மழை என்னும் சொல் பிறக்கும் முன்பே இம்மண் ஓரளவு அமில மண்ணாகத்தான் இருந்தது.

அப்படியாயின் அவ்வடர்ந்த காடு எதனால் செழித்து நிற்கிறது? சத்தின் பெரும்பகுதி அங்கே மண்ணில் இல்லை. மரங்களிலும் சருகுப்படுகையிலும் உள்ளது. உதிர்ந்த இலை மழைக்காலத்து ஈரத்தில் விரைந்து மட்க, மேற்பரப்பிலேயே படர்ந்திருக்கும் வேர்கள் அச்சத்தை ஓடைக்குப் போகவிடாமல் பற்றிக்கொள்கின்றன. கையிலிருப்பது சிறிது, அதனை வீணாக்காமல் சுழற்றுவதே அக்காட்டின் திறம். இச்சுழற்சி அறுபடாதவரை குறைவான கால்சியம் போதும். அறுபட்டால் ஈடுசெய்யக் குதிரில் இருப்பு இல்லை.

அம்மண்ணுக்கு ஒரு வலிமையும் உண்டு. அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் சல்பேட்டைத் தம்மிடம் பற்றிவைத்துக்கொள்ளும் இயல்புடையவை. சல்பேட்டு வெளியேறாதவரை கால்சியமும் அதனுடன் வெளியேறுவதில்லை. இதனால் கேடு தள்ளிப்போகிறது. ஆனால் அப்பற்றுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. தள்ளிப்போவது வேறு, நீங்கிப்போவது வேறு. சுவீடனிலும் அப்பர்டு புரூக்கிலும் கண்டது போன்ற பேரிழப்பு குடகில் நிகழ்ந்துவிடவில்லை. நிகழாதிருக்கும்போதே கணக்கெடுப்பதுதான் அறிவுடைமை.

மண் அமிலமானால் செய்யவேண்டியது என்ன என்பதைக் குடகின் காப்பித் தோட்டத்தார் நன்கு அறிவர். காப்பிச்செடி சற்றே அமிலமான மண்ணை விரும்புவது, ஆனால் பி.எச். ஆறுக்கு மிகவும் கீழே இறங்கினால் விளைச்சல் குன்றும். பெருமழை சத்தைக் கரைப்பதோடு, தோட்டத்திற்கு இடும் நைட்ரசன் உரங்களும் மண்ணை மேலும் அமிலமாக்குகின்றன. ஆகவே மண்ணைச் சோதித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேளாண் சுண்ணாம்பு இடுவது அங்கே வழக்கம். சிக்கமகளூரு மாவட்டத்துப் பாலேஒன்னூரில் 1925-இல் தொடங்கப்பெற்ற காப்பி ஆராய்ச்சி நிலையமும் குடகின் செட்டள்ளியில் உள்ள அதன் கிளையும் இத்துறையில் தோட்டத்தாருக்கு வழிகாட்டுகின்றன. ஒரே மழையில் நனையும் தோட்டத்திற்குச் சுண்ணாம்பு கிடைக்கிறது. வேலிக்கு அப்பாலுள்ள காட்டிற்கு உதிர்ந்த இலை ஒன்றே சுண்ணாம்பு.

அத்தோட்டங்களிலிருந்தே ஓடைகளுக்கு வேறொரு வகை அமிலமும் வருவதுண்டு. பறித்த காப்பிப் பழத்தின் தோலை நீக்கி, கொட்டையின் மேலுள்ள வழுவழுப்பைப் புளிக்கவைத்துக் கழுவும்போது வெளிவரும் நீர் புளிப்பேறியது, கரிமப்பொருள் நிறைந்தது. அறுவடை நடைபெறும் டிசம்பர் முதல் மார்ச்சு வரையிலான காலத்தில் ஓடைகளில் நீரோட்டமும் குறைவு. அந்நீரை அப்படியே விட்டால் ஓடையின் உயிர்வளி தீர்ந்து மீன்கள் மடியும். அதனால் அதனைத் தொட்டிகளில் தேக்கி, சுண்ணாம்பு சேர்த்து, நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மைசெய்த பின்னரே அகற்றவேண்டும் என்பது விதி. வானிலிருந்து வரும் அமிலத்தைத் தடுக்க நாடுகள் கூடிப் பேசவேண்டியுள்ளது. இவ்வமிலத்தைத் தடுக்க ஒரு தொட்டி போதும்.

வானத்து அமிலத்தைப் பற்றிய செய்தி கவலை தருவதாகவே உள்ளது. இந்திய வானிலைத் துறை, கொடைக்கானல் உள்ளிட்ட பத்து நிலையங்களில் மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்துவருகிறது. 1981 முதல் 2012 வரை திரட்டப்பட்ட அளவுகளில், பெரும்பாலான நிலையங்களின் மழை பத்தாண்டுக்குப் பத்தாண்டு அமிலத்தன்மையை நோக்கி நகர்ந்துள்ளது. 2017-இல் வெளியான ஒரு செயற்கைக்கோள் ஆய்வு, 2007-க்குப் பின் சீனாவின் கந்தக டை ஆக்சைடு வெளியீடு முக்கால் பங்கு குறைந்ததையும், இந்தியாவின் வெளியீடு ஏறத்தாழ அரைப்பங்கு கூடியதையும் காட்டியது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் நடுவண் அரசு அனல்மின் நிலையங்களின் கந்தக வெளியீட்டுக்கு எல்லை வகுத்தது. அதற்குரிய கருவிகளைப் பொருத்தும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டு சூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும் கருவிகளின் செலவு மிகுதி என்பதும் விலக்கை ஆதரிப்போர் கூறும் காரணங்கள். கந்தகம் குறைவாயினும் எரிக்கப்படும் நிலக்கரியின் அளவு பெரிது என்பது எதிர்ப்போர் கூறும் மறுமொழி. இருசாராரின் கணக்கிலும் மலைமண்ணின் கால்சியம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

அதனை அளப்பதற்கு அப்பர்டு புரூக்கின் முறையே இன்றும் போதுமானது. மழையில் வருவதை ஒரு குடுவையிலும் ஓடையில் போவதை மற்றொரு குடுவையிலும் சேர்த்து, வாரந்தவறாமல், ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்தல் வேண்டும். ஓராண்டுக் கணக்கால் பயன் சிறிது. முப்பதாண்டுக் கணக்கு மலையின் வரலாறாகும்.

அருஞ்சொற்பொருள்

குதிர் – நெல் முதலிய தானியங்களைச் சேமிக்கும் மண்கலம். மட்கு – இலை, சருகு முதலியன மக்கி உண்டாகும் சத்து. செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு. உலங்கூர்தி – நின்ற இடத்திலிருந்தே மேலெழும் வானூர்தி. கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம். நீர்ப்பிடிப்புப் பகுதி – ஓர் ஓடைக்கு நீர் வந்துசேரும் நிலப்பரப்பு.

பயிற்சி

1. பி.எச். 5.6 உடைய மழையைவிடப் பி.எச். 3.6 உடைய மழை எத்தனை மடங்கு அமிலமானது?

2. மண்ணின் சேமிப்பு குறைந்துவரும் காலத்திலும் ஓடைநீர் நன்றாகவே இருப்பது ஏன்? குதிர் உவமையைக் கொண்டு விளக்குக.

3. ‘மரத்தைக் கொன்றது குளிர், ஆனால் அதனைக் குளிருக்குக் காட்டிக்கொடுத்தது அமிலம்.’ இத்தொடரின் பொருளை உம் சொற்களில் எழுதுக.

4. நெதர்லாந்துப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்த செய்தியை, புகைபோக்கியில் தொடங்கிக் கூட்டில் முடியுமாறு கண்ணி கண்ணியாக எழுதுக.

5. மஞ்சள்நீர் காரத்தில் சிவக்கும். நடுநிலையான நீரிலும் அமிலத்திலும் மஞ்சளாகவே இருக்கும். அப்படியாயின் மஞ்சள்நீரைக் கொண்டு அமில மழையைக் கண்டறிய இயலுமா? காரணம் கூறுக.

6. பின்வருவனவற்றைப் பிரித்து எழுதுக: மலைக்காடு, செந்நிறம், கருங்கல், நன்னீர், இவ்வுண்மை.

7. உம் வீட்டில் காவிரி நீரோ கபினி நீரோ வருமாயின், அது கடந்துவரும் ஊர்களை நிலப்படத்தில் குறித்து, ஓடை தன் பயணத்தைத் தானே கூறுவதாகப் பத்து வரிகள் எழுதுக.